திரும்பி வர ஐம்பத்தொரு மணி நேரம்

திரையில் அந்த எண் வந்து நின்ற கணம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி, ஆயுத பூஜை. செய்யாறு தொழிற்பேட்டையில் எங்கள் தொழிற்சாலையின் சர்வர் அறையில் நான் மட்டும் இருந்தேன். ரேக்கின் கண்ணாடிக் கதவில் நானே வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் காயவில்லை. மேலே இரண்டு முழம் சாமந்தி, கீழே ஒரு தட்டில் பொரியும் பொட்டுக்கடலையும். பொத்தானை அழுத்திவிட்டுப் பொரியை ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். 'மீதமுள்ள நேரம்' என்ற இடத்தில் புள்ளிகள் ஓடிக்கொண்டே இருந்தன. பிறகு ஐம்பத்தொன்று என்று வந்தது. நிமிஷம் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் மணி நேரம். ஐம்பத்தொரு மணி நேரம்! வாயில் இருந்த பொரி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அது ஏன் ஐம்பத்தொன்று என்று எனக்குத் தெரியும்.

அதைச் சொல்வதற்கு முன்னால் ஆரணி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் ஆரணி அண்ணன்தான். வண்டிகளுக்கு ரப்பர் பாகம் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. உற்பத்திக் கணக்கு, வருகைப் பதிவு, லாரியில் ஏற்றும் சரக்கின் சீட்டு என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஏழு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஏழு என்றால் ஏழு பெட்டி இல்லை. இரண்டு பெரிய சர்வர்களுக்குள் ஏழு குடித்தனம்; வர்ச்சுவல் மெஷின் என்பார்கள். செய்யாறில் தீ, வெள்ளம் என்று ஏதாவது ஆகிவிட்டால் வேலை நிற்கக் கூடாது என்று, அந்த ஏழின் நகலும் ஆரணியில் ஓர் அறையில் இருந்தது. இங்கே எழுதுகிற ஒவ்வொன்றும் ஒரு வாடகைக் கம்பி வழியாக அங்கேயும் போய்ச் சேரும். அந்த அறைக்குப் பொறுப்பாளர்தான் அண்ணன். ஒரு பட்டுக் கிடங்கின் மாடியில் இருந்தது அது. ஏ.சி. குளிர் வெளியே போகாமல் இருக்க ஜன்னல்களைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். பக்கத்துக் கட்டடத்தில் விசைத்தறி நாள் முழுக்க ஓடும். அந்தச் சத்தம் மட்டும் சுவர் வழியாக வரும். வெளியே வெயிலா மழையா என்று அவருக்குத் தெரியாது. ஆரணியில் உட்கார்ந்துகொண்டு செய்யாறுக்குப் போன் போட்டு, "இன்னாமா, அங்க மழையா? குடை எடுத்தாரல, அதான் கேட்டேன்" என்பார். அங்கே பெய்தால் இங்கேயும் பெய்யும் என்று ஒரு கணக்கு.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடக்கும். வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் நிபந்தனை அது. தொழிற்சாலைக்கு விடுமுறை வரும் ஒரு சனிக்கிழமை மதியம், செய்யாறில் ஏழு மெஷின்களையும் அணைத்துவிட்டு ஆரணியில் எழுப்புவோம். அது அரை மணி நேர வேலை. மறுநாள் எல்லாவற்றையும் மறுபடி செய்யாறுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குத்தான் ஃபெயில்பேக் என்று பெயர். அண்ணன் அதற்கு மறுவீடு என்று பெயர் வைத்திருந்தார். "பொண்ணு போறது ஜல்தியா போயிடுதுமா, மறுவீடு வர்றதுதான் பேஜாரு" என்பார். நகலெடுக்கும் மென்பொருள் இரண்டு பக்கத்து டிஸ்க்குகளையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒப்பிட்டுப் பார்த்து, எது மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்து அனுப்பும். அதற்குப் பத்தொன்பது, இருபது மணி நேரம் ஆகும். அதுவரை, அதாவது தொழிற்சாலை ஆரணி மெஷின்களை நம்பி இருக்கும்வரை, பயிற்சி பெற்ற ஓர் ஆள் அந்த அறையை விட்டு நகரக் கூடாது. பயிற்சி பெற்றவர்கள் இரண்டே பேர். அவர் ஒன்று, நான் ஒன்று. நான் செய்யாறில், அவர் ஆரணியில். "எள்ளு காயுது எண்ணெய்க்கு, இந்த எலிப்புழுக்கை எதுக்குமா காயுது?" என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். அப்படிக் காய்ந்தே மச்சினன் கல்யாணத்தையும், மகள் பட்டம் வாங்கிய நாளையும் தவறவிட்டிருந்தார்.

இந்த முறை தவறவிட முடியாது. விஜயதசமியன்று, திங்கட்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள், மகளுக்கு நிச்சயதார்த்தம். அந்த வருஷம் பண்டிகை ஐப்பசி பிறந்த பிறகு வந்ததால் நல்ல காரியத்துக்குத் தடை இல்லை. மாப்பிள்ளையின் தாத்தாவால் பயணம் செய்ய முடியாது என்று போளூரிலேயே ஒரு சிறிய மண்டபம் பிடித்திருந்தார்கள். பெண்ணுக்கு அப்பா கையால் தட்டு மாற்ற வேண்டும். அப்பா இல்லையென்றால் பெரியப்பா. அந்தப் பெரியப்பாவோடு, அதாவது சொந்த அண்ணனோடு, பாகப்பிரிவினையில் சண்டை போட்டு ஒன்பது வருஷமாக இவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. "நான் இல்லாட்டி அந்த ஆளு கைல தட்டு போயிடும்மா. என் பொண்ணு தட்டு" என்று என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். மகள் வேறு போனில், "உனக்கு மிஷினோடதான் நிச்சயமாப்பா, எனக்கு நீ வரமாட்டியா?" என்று கேலி செய்தாளாம். அவர் விரல்விட்டு எண்ணி வைத்திருந்தார். ஞாயிறு பதினொரு மணிக்கு ஆரம்பித்தால் திங்கள் காலை ஆறு, ஆறரைக்கு முடிந்துவிடும். அறையைப் பூட்டிவிட்டு ஏழு மணி பஸ் ஏறினால் எட்டேகாலுக்குப் போளூர். மண்டபத்திலேயே வேட்டி மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது என் வேலையைச் சொல்கிறேன். சந்தவாசல் பக்கத்துக் கிராமம் எனக்கு. அப்பா, அம்மா இரண்டு பேரும் பிறத்தியார் கழனியில் கூலிக்குப் போனவர்கள். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் எங்கள் வகையறாவிலேயே நான்தான். ஆயுத பூஜை என்றால் எங்கள் வீட்டில் மண்வெட்டி, அரிவாள், களைக்கொட்டு எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, உடைந்ததையும் துருப்பிடித்ததையும் கழித்துக் கட்டிவிட்டுத்தான் பொட்டு வைப்போம். பழசை வைத்துக்கொண்டு சாமி கும்பிடக் கூடாது என்பாள் அம்மா. அந்த சனிக்கிழமை மதியம் மெஷின்களை ஆரணிக்கு அனுப்பிவிட்டு, அதே பழக்கத்தில் சர்வர் அறையைச் சுத்தம் செய்தேன். தூசி தட்டினேன், கேபிள்களைத் துடைத்துக் கட்டினேன். பிறகு திரையைப் பார்த்தால் டிஸ்க் நிரம்பி வழிகிறது. அணைத்துப் போட்ட ஏழு மெஷின்களும் சாம்பல் நிறத்தில் சும்மா கிடக்கின்றன. நாளைக்கு எப்படியும் ஆரணியிலிருந்து புதுசு வரப்போகிறது, பழசு எதற்கு? பூஜைக்கு உள்ளேயும் சுத்தமாக இருக்கட்டும் என்று ஏழையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. நிச்சயமாகத்தான் என்றேன். புத்தி கெட்டவளே, அந்தப் பழசை வைத்துத்தானே அது ஒப்பிட்டுப் பார்க்கும்! பழசு இல்லையென்றால் எது மாறியது என்று அதற்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் அடியிலிருந்து அந்த ஒல்லிக் கம்பி வழியாக இழுக்க வேண்டும். சர்வருக்குப் பொட்டு வைத்து, வீட்டை ஒழிப்பது போல அதன் வயிற்றையும் ஒழித்துவிட்டுக் கும்பிட்ட ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எண் வந்த ஐந்தாவது நிமிஷம் போன் அடித்தது. "இன்னாமா, எவ்ளோ நேரம் காட்டுது?" என்றார். குரலில் பண்டிகை இருந்தது. நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன் என்று இன்றைக்கும் என்னை நானே நம்பவைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். வந்த வார்த்தை வேறு. "அண்ணா, இங்க டிஸ்க் ஒண்ணு பழுதாயிடுச்சு. செவ்வாக்கிழமை மத்தியானம் ஆவும்னு காட்டுதுண்ணா."  "செவ்வாக்கிழமையா" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். சென்னையில் இருந்த மேனேஜருக்கும் அதே பொய்யைச் சொன்னேன். அவர் அதோடு விடவில்லை. டிஸ்க் சரியாகும்வரை நீ செய்யாறை விட்டு அசையாதே, ஆரணியில் அவர் அசைய வேண்டாம் என்று கட்டளை போட்டுவிட்டார். விஜயதசமி காலையில் பூஜை போட்ட இயந்திரங்களைத் தொட்டு ஓட்டியே ஆக வேண்டும், முதல் ஷிப்டு ஆறு மணிக்கு, அதன் கணக்கெல்லாம் ஆரணி மெஷின்களில்தான் ஓடும்.

இதில் என்ன கொடுமை என்றால், செய்யாறில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. பழுதே இல்லாத டிஸ்க்கை யார் சரி செய்வது? கம்பி வழியாகத் தானாக வந்துகொண்டிருக்கிறது. பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். உண்மையைச் சொல்லியிருந்தால் பஸ் ஏறி ஒரு மணி நேரத்தில் ஆரணி போய் அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கலாம். அவர் போளூர் போயிருப்பார். ஆனால் டிஸ்க் பழுது என்று சொன்ன ஆள், டிஸ்க்கை விட்டுவிட்டு எப்படிக் கிளம்ப முடியும்? சொன்ன பொய்க்கு நானே காவல் உட்கார்ந்திருந்தேன். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான், கத்தவும் முடியவில்லை. சொன்னால் வேலை போகும், ஊரில் அம்மா கேட்பவர்களிடமெல்லாம் 'எம் பொண்ணு கம்ப்யூட்டருக்கு டாக்டரு' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான்கு மணிக்கு அவர் மறுபடி கூப்பிட்டார். "டிஸ்க்கு மாத்த ஆளு வந்தாங்களாமா?" என்றார். "வந்துகினு இருக்காங்கண்ணா" என்றேன்.  "சரி. நீ சாப்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை விடிந்ததும் குளித்துவிட்டுச் செய்யாறு பஸ் நிலையத்துக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை, கால் தானாகப் போனது. ஆறே கால் வண்டி நின்றுகொண்டிருந்தது, கண்டக்டர் "ஆரணி, ஆரணி" என்று கத்திக்கொண்டிருந்தார். ஏறினால் ஏழரைக்குள் அறையில் இருப்பேன், அவர் ஒன்பதுக்குள் போளூரில் இருப்பார். கணக்கு எனக்கு அத்துப்படி. படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தேன். "ஏறுமா, இல்ல வழிய வுடு" என்றார் கண்டக்டர். வழியை விட்டேன். அடுத்த வண்டி ஆறேமுக்கால், அதையும் விட்டேன். அதில் ஏறியிருந்தால்கூட முகூர்த்தம் முடிவதற்குள் அவர் போய்ச் சேர்ந்திருக்கலாம். மேனேஜரிடம் என்ன சொல்வது, அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்து யோசித்தே நேரத்தைக் கொன்றேன். தொழிற்சாலைக்குத் திரும்பி வந்து போனை மேஜையில் எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பது மணி பத்து நிமிஷத்துக்கு எடுத்து, அவர் எண்ணைப் போட்டு, மணி அடிப்பதற்கு முன்னால் அணைத்துவிட்டேன். பத்தரை ஆனது. திரையில் இருபத்தெட்டு மணி நேரம் மீதி என்று இருந்தது.

தட்டு பெரியப்பா கையில்தான் மாறியது. பெண் அழுதாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அண்ணன் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒத்திகை அறிக்கையில் தாமதத்துக்குக் காரணம் 'டிஸ்க் பழுது' என்று நான் எழுதினேன். ஆரணி தரப்பில் அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

அதற்குப் பிறகு எனக்குப் பேய் பிடித்தது. அந்த மறுவீட்டு நேரத்தைக் குறைத்தே தீருவது என்று உட்கார்ந்தேன். கல்யாணம் தை மாதத்தில். அடுத்த ஒத்திகை பொங்கலுக்கு முந்தின சனி, ஞாயிறு. கல்யாண வேலை தலைக்கு மேல் இருக்கும் நேரம். முதல் வேலையாகப் பழைய மெஷின்களை யாரும் அழிக்க முடியாதபடி பூட்டுப் போட்டேன். யாருக்காகப் போட்டேன் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்தது அந்த ஒப்பிடும் வேலை. அதற்கு வழி காட்டியவர் அண்ணன்தான். நெசவுக் குடும்பத்தில் பிறந்து இருபது வயசுவரை தறியில் உட்கார்ந்தவர். ஒருநாள் போனில் சொன்னார்: "தறியில பாவு, அதான் நீட்டுவாக்கு நூலு, தீந்துட்டா, புதுப் பாவை அச்சுலயும் விழுதுலயும் ஒவ்வொரு இழையா கோத்துகினு இருந்தா நாள் பூரா போயிடும்மா. பழைய பாவு நுனிய அறுக்காம அப்படியே வுட்டு வச்சிருப்போம். புது இழைய அதுல முறுக்கிப் பிணைச்சுட்டு இழுத்தா, சரசரன்னு வந்துடும். எங்க வுட்டோமோ அங்கேர்ந்து தொடங்கணும். நீ இன்னாடான்னா ஒவ்வொரு தடவையும் மொதல்லேர்ந்து கோத்துகினு இருக்க."

எங்கே விட்டோமோ அங்கிருந்து. அந்த மென்பொருளிலேயே அதற்கு ஒரு வசதி இருந்தது. மெஷின் ஆரணிக்கு மாறிய நொடியிலிருந்து எந்தெந்தப் பகுதி மாறுகிறது என்று குறித்து வைத்துக்கொள்ளும். வேகம் குறையும் என்று பயந்து யாரோ அதை முதல் நாளே அணைத்து வைத்திருந்தார்கள். அதைப் போட்டோம். பிறகு, ஒத்திகை முடியட்டும் என்று காத்திருக்காமல், மாறினதை மாறின கையோடு செய்யாறுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தோம். கடைசியில் பொத்தானை அழுத்தும்போது மீதி இருப்பது கடைசிச் சில நிமிஷத்து மாற்றம் மட்டும்தான். இரண்டு மாதம் சோதித்துப் பார்த்தோம். அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், போனைக் காதில் இடுக்கிக்கொண்டு. வேலை விஷயத்தில் முன்பு போலவே கேலி செய்வார், திட்டுவார். பேச்சு முடிகிற இடத்தில் மட்டும் எதையோ எதிர்பார்ப்பது போல ஒரு நொடி நிறுத்துவார். நான் "வச்சிடறேண்ணா" என்பேன்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு நாற்பது நிமிஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. நாற்பதே நிமிஷம்! மேனேஜர் போனிலேயே கை தட்டினார். என் பெயரைப் போட்டு எல்லோருக்கும் கடிதம் அனுப்பினார். அண்ணன் பெயரையும் சேருங்கள் என்று நான் கேட்டேன். சேர்த்தார், மூன்றாவது வரியில். அன்று பன்னிரண்டு மணிக்கு அண்ணன் அறையைப் பூட்டிவிட்டு வெயிலில் இறங்கி நடந்து வீட்டுக்குச் சாப்பிடப் போனார். ஒத்திகை நாளில் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது இதுதான் முதல் தடவை என்று அங்கிருந்தே கூப்பிட்டுச் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, "நல்லா சாப்புடுங்கண்ணா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் பிறகு எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. இப்போது என் கீழே இருபது பேர் இருக்கிறார்கள். கடல் தாண்டி இருக்கும் இடத்திலிருந்து நூற்றுக்கணக்கான மெஷின்களை ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குள் திரும்பக் கொண்டுவருகிறோம். அறையில் யாரும் அடைந்து கிடக்க வேண்டியதில்லை. திரையில் மீதி நேரம் சுழியம் என்று வரும்போது பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். நானும் தட்டுகிறேன். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு கல்யாண மண்டபத்தின் கைகழுவும் இடம்தான் கண்ணில் வந்து நிற்கிறது.

தை மாதம், ஆரணியில் நடந்த கல்யாணம். தாலி கட்டி முடிந்து முதல் பந்தி எழுந்துகொண்டிருந்தது. அண்ணன் பட்டு வேட்டியில், வியர்த்து விறுவிறுத்து, வந்தவர்களையெல்லாம் சாப்பிடச் சொல்லி விரட்டிக்கொண்டிருந்தார். அவருடைய சொந்த அண்ணன், அந்தப் பெரியப்பா, மேடையில் மாப்பிள்ளை வீட்டாரோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். தட்டு மாற்றியதில் அவருக்கு உரிமை வந்துவிட்டது. கைகழுவும் இடத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அண்ணனை நிறுத்தினேன். மூன்று மாதமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்ததை அங்கேதான் கக்கினேன்.

"அண்ணா, அன்னிக்கு டிஸ்க் பழுதாவலண்ணா. பூஜைக்கு சுத்தம் பண்றேன்னு நான்தான் எல்லாத்தையும் அழிச்சுட்டேன்" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரியும்மா" என்றார்.

"எப்பண்ணா தெரியும்?"

"அன்னிக்கு ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கே தெரியும். அந்த ரூம்ல அடைஞ்சு கெடந்தா படிக்க வேற இன்னா இருக்குது? யாரு எப்ப எதைத் தொட்டாங்கன்னு அதுவே எழுதி வச்சிருக்குதே, அதைத்தான் படிச்சிகினு குந்தியிருந்தேன். சனிக்கிழமை மத்தியானம், ஏழு வரி, ஏழுலயும் உன் பேரு."

நான்கு மணிக்கு அவர் கூப்பிட்டது நினைவுக்கு வந்தது. ஆள் வந்தார்களா என்று கேட்டது.  "தெரிஞ்சும் ஏண்ணா கேக்கல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஓடியாந்திருப்பேனே" என்றேன்.

"ஆளு வந்தாங்களான்னு கேட்டேனே, நீ இன்னா சொன்ன? மறுபடியும் கேட்டா மறுபடியும் ஒரு பொய் சொல்லுவ. அதை வேற நான் காதால கேக்கணுமா?"

பந்தியிலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "தோ வந்துட்டேன்" என்று குரல் கொடுத்துவிட்டு இரண்டு எட்டு வைத்தார். பிறகு நின்று திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"பத்தரைக்கு மேலதாம்மா எனக்குக் கோவமே வந்துச்சு" என்றார். "அதுவரைக்கும் நீ வந்துடுவேன்னு வேட்டிய மாத்திகினு ரெடியா குந்தியிருந்தேன்."